மாநில எல்லையில் பறிக்கப்படும் உரிமை

நாட்டின் எப்பகுதிக்கும் சென்று வரவும், எங்கும் குடியிருக்கவும் அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் உரிமை தந்திருக்கிறது. உடல் இயலாமைக்கு ஆளானோருக்கு அரசு உதவ வேண்டும் என்று 41ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் ஏழை மாற்றுத்திறனாளி ஒருவர் இவ்விரண்டையும் ஒருசேர அனுபவிக்க முடியாது. சொந்த ஊரிலேயே முடங்கிக் கிடந்தால் உதவித்தொகை உண்டு. பிழைப்பையோ மருத்துவத்தையோ தேடி மாநில எல்லையைத் தாண்டினால் அதைப் பறிகொடுக்க வேண்டும். இதுதான் குடியரசின் இன்றைய நடைமுறை.

பீகாரிலிருந்து தில்லிக்குக் குடிபெயரும் ஒரு கட்டுமானத் தொழிலாளியின் குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். நடக்க இயலாத தாயை ஊரில் யாரிடம் விட்டுச் செல்வது? அவரையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். தில்லி அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குகிறது. ஆனால் அதைக் கோர ஐந்தாண்டுக் காலம் தில்லியில் குடியிருந்ததற்குச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தமே இல்லாத குடிசையில் வாழ்பவர் எந்தச் சான்றைக் காட்டுவார்?

பீகாரின் உதவித்தொகைதான் வங்கிக் கணக்கில் விழுகிறதே, எங்கிருந்தும் எடுத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். உயிர்வாழ் சான்றும் நேரடிச் சரிபார்ப்பும் வரும் நாளில் அந்த வாதம் உடைந்துவிடுகிறது. பயனாளி ஊரில் இல்லை என்று குறிப்பு எழுதப்பட்டால், பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மீண்டும் சேர்வதற்கு ஊர் திரும்பி, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு அந்தப் பயணச் செலவே பல மாத உதவித்தொகையை விழுங்கிவிடும்.

இதே அரசின் இன்னொரு முகத்தையும் காண வேண்டும். ஒன்றிய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இலண்டனில் மகளோடு வாழலாம். அவரது ஓய்வூதியம் நிற்பதில்லை. அங்குள்ள இந்தியத் தூதரக அதிகாரியிடம் ஆண்டுக்கொரு முறை உயிர்வாழ் சான்று பெற்றால் போதும். வருங்கால வைப்பு நிதி ஓய்வூதியத்தை நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பெறும் ஏற்பாடு 2025 சனவரி முதல் நடைமுறையில் உள்ளது. இவை தொழிலாளர்களும் ஊழியர்களும் போராடி நிலைநிறுத்திய உரிமைகள். அவற்றில் ஒரு துளியும் குறையக் கூடாது. நாம் கேட்பது ஒன்றே: கடல் கடந்து செல்லும் ஓய்வூதியத்துக்கு வழி கண்ட அரசுக்கு, மாநில எல்லையைக் கடக்கும் உதவித்தொகைக்கு வழி காணத் தெரியாதா?

தெரியும். காண மனமில்லை. முன்னதை ஈட்டிய உரிமையாகவும் பின்னதைப் போடும் பிச்சையாகவும் ஆளும் வர்க்கம் பிரித்து வைத்திருக்கிறது. அமெரிக்காவிலும் இதே பிரிவினைதான். உழைத்த காலத்தில் செலுத்திய பங்களிப்பின் பேரில் ஊனமுற்றோர் காப்பீட்டுத் தொகை பெறும் குடிமக்களுக்குப் பெரும்பாலான அயல்நாடுகளிலும் அது தொடர்கிறது. வறுமையின் பேரில் உதவி பெறுபவர் முப்பது நாள் தொடர்ந்து நாட்டுக்கு வெளியே இருந்தால் அது நிறுத்தப்படுகிறது. ஏழையின் நடமாட்டத்தைக் கண்காணிப்பது முதலாளித்துவ அரசுகளுக்குப் பொதுவான பழக்கம். அங்கே நாட்டின் எல்லையில் நடப்பது, இங்கே நாட்டுக்குள்ளேயே மாநில எல்லையில் நடக்கிறது.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் 58ஆவது பிரிவில், ஊனச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்று தெளிவாக அறிவிக்கிறது. தனித்துவ அடையாள அட்டையும் வந்துவிட்டது. சான்றிதழ் எல்லை தாண்டுகிறது, சோறு தாண்டுவதில்லை! அதே சட்டத்தின் 24ஆவது பிரிவு, மற்றவர்களுக்கான ஒத்த திட்டங்களைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக வழங்க வேண்டும் என்கிறது. பீகாரில் 2025 சூலையில் 400 ரூபாய் 1,100 ஆக உயர்த்தப்பட்டபோது முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஒரே தொகைதான். அந்த 25 விழுக்காடு எங்கே போயிற்று?

உதவித்தொகை மாநில அரசின் பணம், மாநிலத்துக்கு மாநிலம் அது வேறுபடுகிறது, ஆகவே இடமாற்றம் இயலாது என்பது அதிகாரிகளின் வாதம். வேறுபாடு உண்மைதான். ஆந்திரத்தில் 2024 சூலை முதல் மாதம் 6,000 ரூபாய். பீகாரில் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த ஏற்றத்தாழ்வுக்கு வழிவிட்டது ஒன்றிய அரசின் கஞ்சத்தனமே. தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் அதன் பங்கு மாதம் 300 ரூபாய். 2012க்குப் பிறகு அது உயரவே இல்லை. அதுவும் 80 விழுக்காடு ஊனமும், வறுமைக் கோட்டுக்குக் கீழ் என்ற முத்திரையும் இருந்தால்தான். சட்டம் அளவுகோலாகக் கொள்வதோ 40 விழுக்காடு. 2011 கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். பெரும்பாலோரை வாசலிலேயே நிறுத்தி வைக்கும் திட்டம் இது.

இரட்டைப் பயன் பெறுவார்கள் என்ற அச்சமும் பொய்யானது. ஒருவருக்கு ஒரே அடையாள எண் இருக்கும்போது இரண்டு இடங்களில் பெறுவது எப்படி? ஒரே நாடு ஒரே ரேசன் அட்டை என்று விளம்பரம் செய்தவர்கள், அரிசியும் கோதுமையும் எல்லை தாண்டியதற்குக் கணக்குத் தீர்க்கக் கற்றுக்கொண்டார்கள். உதவித்தொகைக்கு மட்டும் கணக்கு வராதா?

'பொருளாதார ஆற்றலின் எல்லைக்குள்' என்ற சொற்றொடரைச் சட்டத்தில் செருகி, அதன் பின்னே ஒளிந்துகொள்கிறது அரசு. 2019இல் பெருநிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைத்தபோது, ஆண்டுக்கு 1.45 இலட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அரசே அறிவித்தது. அன்று இந்த ஆற்றலின் எல்லை யார் கண்ணிலும் படவில்லை. தெய்வீக உறுப்புடையோர் எனப் பொருள்படும் 'திவ்யாங்' என்ற பட்டத்தை 2015இல் பிரதமர் சூட்டினார். பட்டத்துக்குச் செலவில்லை, ஆகவே தாராளமாகக் கிடைத்தது.

நமது கோரிக்கைகள் தெளிவானவை. ஒன்றிய அரசின் பங்கை வாழத்தகுந்த அளவுக்கு உயர்த்தி, 40 விழுக்காடு ஊனமுடைய அனைவருக்கும் வழங்க வேண்டும். அந்தத் தொகை பயனாளி எங்கு வாழ்ந்தாலும் தொடர வேண்டும். குடியிருப்பு ஆண்டு நிபந்தனைகளை நீக்க வேண்டும். புதிய மாநிலம் பெயரைச் சேர்க்கும் வரை பழைய மாநிலம் உதவியை நிறுத்தக் கூடாது. உயிர்வாழ் சான்றை நாட்டின் எந்த அரசு அலுவலகத்திலும் அளிக்க வழி வேண்டும்.

இதை மாற்றுத்திறனாளிகளின் சங்கங்கள் மட்டுமே சுமக்க வேண்டிய கோரிக்கை என்று தோழர்கள் ஒதுக்கிவிடலாகாது. புலம்பெயர்ந்த தொழிலாளர் வாழும் ஒவ்வொரு குடியிருப்பிலும், வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் ஒருவரும் அவரைப் பராமரிக்க வேலையை விட்ட ஒரு பெண்ணும் இருக்கக்கூடும். திருப்பூரிலும் தில்லியிலும் மும்பையிலும் தொழிற்சங்கங்கள் தயாரிக்கும் கோரிக்கைப் பட்டியலில் இந்தக் கோரிக்கையும் இடம்பெற வேண்டும். கைகால் இழந்தவர்களில் பலர் அவற்றை இயந்திரங்களுக்கும் சாரங்களுக்கும் பலிகொடுத்த தொழிலாளர்கள் என்பதை வர்க்க இயக்கம் மறக்க முடியாது. உழைப்பைச் சுரண்டும் மூலதனம் மாநில எல்லைகளை மதித்ததில்லை. உழைத்து முடமானவரின் உரிமையும் அந்த எல்லையில் நிற்க வேண்டியதில்லை.