உயரம் போதாதவர்களின் அணி

படிவம் இரண்டில் பள்ளிக் கூடைப்பந்து அணிக்கு ஆள் எடுத்தார்கள். நானும் போய் வரிசையில் நின்றேன். "உனக்கு உயரம் போதாதும்மா" என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு பந்தைக்கூட எறிந்து காட்டச் சொல்லவில்லை. நியாயமான காரணம்தான் என்று நானும் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்துவிட்டேன். அது நியாயம்தானா என்ற சந்தேகம் எனக்கு வந்தது வெகுகாலம் கழித்து, 2021 ஆகஸ்டு 8ஆம் தேதி.

அன்று தோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசி நாள். சைத்தாமா அரங்கில் மகளிர் கூடைப்பந்து இறுதியாட்டம். அமெரிக்க அணியில் இரண்டு மீட்டருக்கும் மேல் உயரமான பிரிட்னி கிரைனர். எதிரே ஜப்பான். அந்த அணிக்கு ஆட்டத்தை நடத்திய ருய் மச்சிடாவின் உயரம் 162 சென்டிமீட்டர்தான். நம் வகுப்பறைகளில் அவரைவிட உயரமான பெண்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

அமெரிக்கா 90-75 என்று வென்றது. ஆனால் ஜப்பானுக்குக் கிடைத்த வெள்ளி, ஆண்கள் பெண்கள் இரு பிரிவையும் சேர்த்து, ஒலிம்பிக் கூடைப்பந்தில் அந்நாடு பெற்ற முதல் பதக்கம்.

பலர் இதைத் திடீர் அதிசயமாகப் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 1975இல் கொலம்பியாவில் நடந்த உலகப் போட்டியிலேயே ஜப்பான் மகளிர் இரண்டாம் இடம் பெற்றார்கள். மறு ஆண்டு மொன்ட்ரியாலில்தான் மகளிர் கூடைப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக்கில் நுழைந்தது. அங்கே தங்கள் முதல் ஆட்டத்தில் அவர்கள் அமெரிக்காவை 84-71 என்று தோற்கடித்தார்கள். அதன்பின் சரிவு. அடுத்த ஒலிம்பிக் ஆட்டத்துக்கு 20 ஆண்டுகள், 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2008லும் 2012லும் தகுதி பெறவே இல்லை. 2016 ரியோவில் கால் இறுதி வரை வந்து, அமெரிக்காவிடம் 46 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

அப்படித் தோற்ற அணியை 2017இல் ஏற்றுக்கொண்டவர் டாம் ஹோவாஸ். அமெரிக்கர், ஜப்பானில் விளையாடியவர், வீராங்கனைகளிடம் ஜப்பானிய மொழியிலேயே பேசுவார். தோக்கியோ இறுதியாட்டத்தில் அமெரிக்காவைச் சந்தித்துத் தங்கம் வெல்வதே இலக்கு என்று பொறுப்பேற்றபோதே அறிவித்தார். உயரமானவர்களைத் தேடி அவர் அலையவில்லை. வழக்கமாகக் கூடைக்கு அடியில் நிற்கும் நடு ஆட்டக்காரர் உட்பட, எல்லாரையும் மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியப் பழக்கினார். அப்படி எறிபவரைத் தடுக்க எதிரணியின் நெட்டையர்கள் கூடையை விட்டு வெளியே வந்தாக வேண்டும். வந்தால் உள்ளே இடம் காலி. அதோடு ஓயாத ஓட்டம்.

கால் இறுதியில் பெல்ஜியத்திடம் 83-85 என்று பின்தங்கியிருந்தபோது, ஆட்டம் முடியச் சில விநாடிகள் இருக்க, சகி ஹயாஷி எறிந்த மூன்று புள்ளிப் பந்து உள்ளே விழுந்தது. 86-85. அரையிறுதியில் பிரான்சுக்கு எதிராக, சக வீராங்கனைகள் புள்ளி எடுக்க மச்சிடா 18 முறை பந்து கொடுத்தார். அது ஒலிம்பிக் சாதனை.

வியூகத்தைப் பற்றி இன்னும் எவ்வளவோ எழுதலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, இந்தப் பெண்கள் பள்ளி முடித்த பிறகு எங்கே விளையாடினார்கள் என்பதுதான். மச்சிடா ஃபுஜிட்சு நிறுவனத்தின் அணியில் ஆடினார். ஹயாஷி எனியோஸ் என்ற எண்ணெய் நிறுவனத்தின் அணியில். ஜப்பானில் பெரிய நிறுவனங்கள் பல ஆண்டுகளாக மகளிர் அணிகளை வைத்து நடத்துகின்றன. பள்ளியோடு நின்றிருக்கக்கூடிய ஆட்டம் அங்கே பிழைப்பாகிறது. ஆண்டுக்கணக்கில் ஆயிரக்கணக்கான தடவை எறிந்து பழக நேரமும் சம்பளமும் வேண்டும். 2013 முதல் 2021 வரை ஆசியக் கிண்ணத்தை ஐந்து முறை தொடர்ந்து வென்றது சும்மா நடந்துவிடவில்லை.

அதுவும் நிரந்தர வெற்றிக்கு உத்தரவாதம் தரவில்லை. 2024 பாரிசில் அதே ஜப்பான் மூன்று ஆட்டங்களிலும் தோற்று முதல் சுற்றோடு ஊர் திரும்பியது.

மலேசிய மகளிர் அணியும் தென்கிழக்காசிய விளையாட்டுகளில் பலமுறை தங்கம் வென்ற அணிதான். திறமை இல்லாத நாடல்ல இது. ஆனால் நம் வீடுகளில் எஸ்.பி.எம். ஆண்டு வந்ததும், "ஆடியது போதும், படிக்கிற வழியைப் பார்" என்ற பேச்சு தொடங்கிவிடும். பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆட்டத்தின் முடிவில் ஒரு வேலையோ உபகாரச் சம்பளமோ தெரிந்தால் அவர்களும் வேறு மாதிரி பேசுவார்கள். அதைக் கேட்க வேண்டிய இடம் நிறுவனங்களும் உயர்கல்விக் கூடங்களும். தேசிய அணி தோற்ற மறுநாள் மட்டும் கேட்டால் போதாது.

உங்கள் தோழியரில் எஸ்.பி.எம். முடித்தும் ஆட்டத்தை விடாதவர் யாராவது இருந்தால், அவர் எங்கே பயிற்சி செய்கிறார், காலணிக்கும் பயணத்துக்கும் யார் செலவு செய்கிறார் என்று எழுதி அனுப்புங்கள். இந்தப் பக்கத்தில் இடம் உண்டு.