சாவியைப் பங்கிட்டால் போதுமா?

"நாலு பேர் சேர்ந்து ஒரு வேலிடேட்டர் ஓட்டலாமாம். யாரும் முதலாளி இல்லையாம். நாம் கேட்கிற ஜனநாயகம் இதுதானே?" காஞ்சிபுரத்தில் எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தம்பி இப்படிக் கேட்டார். கிரிப்டோ என்றாலே மோசடி என்று சொல்லி அவரை உட்கார வைத்திருக்கலாம். அது பதில் ஆகாது. அதனால்தான் எழுதுகிறோம்.

முதலில் விஷயம் என்ன என்று பார்ப்போம். எத்தீரியம் 2022 செப்டம்பரில் ஸ்டேக்கிங் முறைக்கு மாறியது. 32 ஈதரைப் பிணையாகக் கட்டியவர் ஒரு வேலிடேட்டரை இயக்கலாம். பரிவர்த்தனைகளைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டால் வருமானம். கணினி அணைந்து கிடந்தால் சிறு அபராதம். முன்னுக்குப் பின் முரணாகக் கையொப்பமிட்டால் பிணையிலேயே கை வைப்பார்கள். ஒரு ஈதர் ஒன்றரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 32 ஈதருக்கு 48 லட்சம். நம் தெருவில் யாரிடம் இருக்கிறது?

இங்கேதான் பகிர்ந்து இயக்கும் முறை வருகிறது. ஓபோல், எஸ்எஸ்வி போன்ற ஏற்பாடுகளில் வேலிடேட்டரின் சாவியை நான்கு துண்டாக்கி நான்கு பேரிடம் தரலாம். மூவர் சேர்ந்தால்தான் கையொப்பம் விழும். ஒருவர் வீட்டில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. ஒருவர் ஏமாற்ற நினைத்தாலும் தனியாக முடியாது.

இது நல்ல ஏற்பாடுதான். மொத்தச் சாவியும் ஒரே கையில் இருந்தால் என்ன நடக்கும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கைக்குப் பிறகு, 1892-ல் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலங்கள் எப்படிப் பிறர் பெயருக்கு மாறின, பதிவேடு யார் மேசையில் இருந்தது என்பதை அறிந்தவர்கள் நாம். அதைக் கேட்டதற்காக 1994-ல் செங்கல்பட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரையும் துப்பாக்கிச் சூட்டில் இழந்தவர்கள் நாம்.

ஆனால் தோழர்களே, சாவியைப் பங்கிடுவது வேறு, சொத்தைப் பங்கிடுவது வேறு.

லைடோ என்ற பெரிய ஸ்டேக்கிங் அமைப்பைப் பாருங்கள். ஊர் ஊராக உள்ளவர்கள் போடும் ஈதரைச் சேர்த்து, இயக்குபவர்களிடம் ஒப்படைக்கிறது. சிறிய இயக்குநர்களைக் குழுவாகச் சேர்த்துச் சாவியைப் பங்கிட்டு ஓட்டவும் இடம் கொடுத்திருக்கிறது. பாராட்டலாம். ஆனால் வருமானத்தில் சுமார் 90 விழுக்காடு ஈதர் போட்டவருக்கு. மீதிப் பத்துக்குள்தான் இயக்குபவரின் பங்கு. முடிவெடுக்கும் வாக்கோ, கையில் எத்தனை டோக்கன் இருக்கிறதோ அத்தனை. ஆளுக்கு ஒரு வாக்கு இல்லை.

இது நமக்குப் புதிதா? கோர்வைச் சேலை நெய்ய ஒரே தறியில் இரண்டு பேர் உட்கார்வார்கள். வேலையைப் பங்கிடுவார்கள். பாவும் பட்டும் சரிகையும் முதலாளியுடையது என்றால், சேலை அந்த இருவரில் யாருடையதும் அல்ல. பக்கத்தில் நாடா தள்ள உட்கார்ந்தது பெரும்பாலும் முன்பணத்துக்கு ஈடாக வந்த பிள்ளை. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் கொத்தடிமைப்பட்ட குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் அறிக்கையே வெளியிட்டது. 1976-லேயே கொத்தடிமை முறையை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். சேர்ந்து உழைப்பது மட்டும் யாரையும் சமமாக்கிவிடாது.

அப்படியானால் சேர்ந்து நிற்பதே வீண் என்கிறோமா? இல்லை. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது இதே காஞ்சிபுரத்தில், 1904 அக்டோபரில். கூட்டுறவின் அடிப்படை, பங்கு எவ்வளவானாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. 1920-களில் சென்னை மாகாணத் தொழிலாளர் துறை ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கங்களை அமைத்தது. அன்று குடிசை நம்முடையது, மனை மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் அன்றிரவே குடிசையைப் பிரிக்க வேண்டும். நம் முன்னோர் சங்கத்தின் வழியே தவணை கட்டி அந்த மனையை வாங்கினார்கள். சிறு காசு சேர்ந்தது, சொத்து கைக்கு வந்தது, முதுகு நிமிர்ந்தது. பங்கிடுதல் என்றால் நமக்கு இதுதான் அளவுகோல்.

ஆகவே யாராவது "வா, சேர்ந்து ஓட்டலாம்" என்று அழைத்தால் நான்கு கேள்வி கேளுங்கள். பிணை யாருடையது? சாவித் துண்டு உண்மையிலேயே உன் கையில் இருக்குமா? வாக்கு ஆளுக்கா, பணத்துக்கா? பிணை வெட்டப்பட்டால் இழப்பு யார் தலையில்? நால்வரும் தங்கள் சொந்த ஈதரைப் போட்டு, இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வைத்துக்கொண்டு இயக்கினால், அது சங்கம். இல்லையென்றால் கூலித் தறி.

தொழில்நுட்பத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எத்தீரியத்தின் சோதனை வலையமைப்பில் காசு போடாமலே நான்கு பேர் சேர்ந்து ஓட்டிப் பழகலாம். எங்கள் வட்டத்திலும் அதைத் தொடங்கப் போகிறோம். ஆனால் கல்விக் கடனையோ அம்மாவின் குழுக் கடனையோ இதில் போடாதீர்கள். விலை ஒரே வாரத்தில் சரியும். லாபத்துக்கு 2022 முதல் 30 விழுக்காடு வரி, நட்டத்தைக் கழிக்கவும் முடியாது.

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்குவது என்று 1936-லேயே விளக்கினார் அண்ணல் அம்பேத்கர். புதிய கருவி எது வந்தாலும் அந்த அடுக்கில் நம்மை எங்கே வைக்கிறது என்று கேட்போம். கேட்டுவிட்டு, அதையும் கற்போம்.

ஜெய் பீம்!