கம்பு சுழற்றும் கையும் களைத்துப்போகும் இதயமும்

சிலம்பம் தமிழ் மண்ணின் வீரக்கலை. நம் கடலோர முஸ்லிம் ஊர்களில் திருமண ஊர்வலத்திலும் கந்தூரி விழாவிலும் கம்பு சுழலும் ஒலியைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. இன்று கராத்தேயும் குங்ஃபூவும் அதனோடு சேர்ந்து சிற்றூர்கள் வரை பரவிவிட்டன. மகிழத்தக்க வளர்ச்சியே. ஆயினும் இக்கலைகளைப் பயில்வோரிடையே வேரூன்றியுள்ள ஒரு நம்பிக்கையை நாம் மறுத்தே ஆகவேண்டும். பயிற்சி உடையவனை மாரடைப்பு அண்டாது என்பதே அந்நம்பிக்கை.

எட் பார்க்கர் என்னும் ஆசானைக் கராத்தே உலகம் நன்கறியும். ஹவாயில் பிறந்து, அமெரிக்கா முழுவதும் கென்போ கராத்தேயைப் பரப்பியவர். 1964இல் லாங் பீச் நகரில் அவர் நடத்திய போட்டி அரங்கில்தான் இளைஞர் புரூஸ் லீ தம் திறத்தைக் காட்டிப் பலர் கவனத்தை ஈர்த்தார். அத்தகைய ஆசான் 1990 டிசம்பர் 15ஆம் நாள் ஹொனலூலுவில் மாரடைப்பால் மறைந்தார். அப்போது அவருக்கு அகவை 59.

ஓட்டக்கலையிலும் இதற்கு ஒப்பான நிகழ்வு உண்டு. ஓடுவதன் நன்மைகளை நூலாக எழுதி இலட்சக்கணக்கானோரைத் தெருவில் ஓடவைத்தவர் ஜிம் ஃபிக்ஸ். 1984 ஜூலையில், ஓடச் சென்ற சாலையிலேயே தம் 52ஆம் வயதில் உயிர்நீத்தார். இதயத் தமனிகளில் கடும் அடைப்பு இருந்ததைப் பிணக்கூறாய்வு காட்டியது. அவருடைய தந்தையார் 43 வயதில் இதயநோயால் இறந்தவர். குடும்பத்தின் குருதி சொன்ன செய்தியை மகனின் கால்கள் மறைத்துவிட்டன.

கைகால் தசையின் வலிமை கண்ணுக்குத் தெரிவது. இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் தமனியின் நிலையோ தெரியாதது. பரம்பரை, புகைப்பழக்கம், நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, மிகைக் கொழுப்பு ஆகியவற்றால் அங்கே படிவு சேர்கிறது. முறையான பயிற்சி இந்த ஆபத்தைக் குறைக்கும் என்பதில் ஐயமில்லை; அறவே நீக்கிவிடும் என்பதுதான் பிழை. வியர்வை சிந்திவிட்டோம், இனி எதையும் உண்ணலாம் என்று நெய்ச்சோற்றுத் தட்டின் முன் அமரும் வீரர்களை நாம் கண்டதுண்டு! தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனையோருக்கு அது ஏறத்தாழ 59 என்றும் 2007இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று கூறுகிறது. நம்மவர்க்கு நோய் முந்தி வருகிறது. முப்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோர்க்கு வேறோர் இடரும் உண்டு. இதயத்தசை தடித்துப்போகும் பிறவிக் குறை ஏறத்தாழ ஐந்நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அவருள் பலர் அதனை அறியாமலே களத்தில் நிற்கின்றனர்.

இவற்றினும் நாம் அஞ்சுவது வேறொன்றை. வலியைப் பொறுத்தலே வீரம் என்று இக்கலைகள் கற்பிக்கின்றன. அடிபட்டாலும் முகம் சுளிக்காதவனே நல்ல மாணாக்கன். அந்தப் பண்பு, நெஞ்சுக்குள் எழும் வலியின்போது எமனாகிவிடுகிறது. மாணாக்கர் முன்னிலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர எந்த ஆசானுக்கு மனம் வரும்? 'வாயுப் பிடிப்பு' என்று சொல்லி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் கம்பை எடுக்கிறார். முன்பு எளிதாய் ஆடிய ஆட்டத்துக்கு இப்போது மூச்சிரைக்கிறதா, இடக்கையோ தாடையோ வலிக்கிறதா, காரணமின்றிக் குளிர்ந்து வியர்க்கிறதா? 'வயதாகிவிட்டது' என்று அவரே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்.

'நாள் முடிந்தால் யார் தடுக்க முடியும்' என்று நம் பெரியவர்கள் சிலர் கூறுவர். நாளை நிர்ணயிப்பவன் இறைவனே. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அறிவுறுத்திய அண்ணல் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிவந்தவர்கள் நாம். உடலும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அன்றோ!

ஆகவே, பயிற்சிக் கூடத்தில் ஒருவரைச் சேர்க்கும்போதே, தந்தை அல்லது உடன்பிறந்தார் எவரேனும் 55 வயதுக்குள் இதயநோய்க்கு ஆளாயினரா, பயிற்சியின்போது மயங்கி விழுந்ததுண்டா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. நாற்பதைக் கடந்த ஆசான்மார் ஆண்டுக்கொரு முறை இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்வது நலம். ஓய்வாகப் படுத்திருக்கும்போது எடுக்கும் இ.சி.ஜி. ஒன்றையே நம்பிவிடவும் கூடாது. தமனியில் அடைப்பு இருந்தும் அது சீராகத் தோன்றக்கூடும். நடக்கவிட்டுப் பார்க்கும் சோதனை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும். களத்தில் ஒருவர் சுயநினைவும் மூச்சும் இன்றிச் சாய்ந்தால், முகத்தில் நீர் தெளித்துக்கொண்டு நில்லாமல் 108ஐ அழைத்து, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை அழுத்தத் தெரிந்தவர் இருவராவது ஒவ்வொரு கூடத்திலும் இருத்தல் வேண்டும். அதனைக் கற்க ஒரு மாலைப்பொழுது போதும்.