பலாமரம் கதவுக்கு மட்டும்தானா?



போன மாசம் எங்க தோட்டத்துப் பலாவை வித்துட்டோம். தாத்தாவோட அப்பா வச்ச மரம். வியாபாரி வந்து கயிறு பிடிச்சு அளந்து பார்த்துட்டு, "கதவு, ஜன்னலுக்கு நல்லா வரும்" என்றார். அக்காவுக்கு காலேஜ் பீஸ் கட்டணும், அதனால் அப்பாவை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மரத்தை அறுக்கும்போது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பலா கதவாக மட்டும்தான் ஆகுமா?

தஞ்சாவூர் வீணையைப் பலாமரத்தில்தான் செய்கிறார்கள். குடம், தண்டி எல்லாவற்றையும் ஒரே கட்டையில் குடைந்து செய்தால் அதற்கு ஏகாண்ட வீணை என்று பேர். தேன்மெழுகையும் கரித்தூளையும் கலந்து, அதன்மேல் 24 மெட்டுகளைப் பதிக்கிறார்கள். ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு சரி பண்ணணும். கொஞ்சம் தள்ளிப் போனாலும் சுரம் கெட்டுவிடும். 2013-இல் இந்த வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து போகிறதாம். நம்ம மலையிலும்தான் பலா நிறைய இருக்கு!

ஓரி என்றதும் நமக்கு வில்தான் ஞாபகம் வரும். புறநானூற்றில் 152-ஆம் பாட்டைத் தமிழ் ஐயாவிடம் கேட்டுப் பாருங்கள். வன்பரணர் பாடியது. காட்டில் ஒரு வேட்டுவனைக் கண்ட கலைஞர் கூட்டம் அவன் முன்னால் யாழும் முழவுமாகப் பாடுகிறது. அவன் மான்கறியும் மதுவும் தந்து, பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். அவன்தான் நம்ம ஓரி. அந்த யாழ் இப்போ எங்கே? அது எப்படி இருந்தது என்று கண்டுபிடிக்கவே விபுலானந்த அடிகள் பல வருஷம் ஆராய்ந்து, 1947-இல் 'யாழ் நூல்' வெளியிட வேண்டியிருந்தது. வாசிச்சவர்களைப் பற்றிப் பாட்டு இருக்கு. செய்தவர் பேர் ஒன்றுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

நம்ம பசங்களுக்கு கிடார் என்றால் உயிர். அதனால் கிடார் கதையும் சொல்கிறேன். சுமார் 200 வருஷம் முன்பு பாரீஸில் பெரிய வீடுகளின் கூடத்தில் ஆட்கள் கூடிப் பேசுவார்கள், பாட்டு கேட்பார்கள். அதற்கு 'சலோன்' என்று பேர். அங்கே ஸ்பெயினிலிருந்து வந்த பெர்னாண்டோ சோர் போன்றவர்கள் கிடார் வாசித்தார்கள். சோர் பேர் நிற்கிறது, சரி. கிடார் செய்த லாகோத் என்பவர் பேரும் நிற்கிறது! அந்நாட்டில் வோஜ் மலைப்பக்கம் மிரெக்கூர் என்று ஒரு சின்ன ஊர். அங்கே தலைமுறை தலைமுறையாக வயலினும் கிடாரும் செய்தார்கள். 1970-இல் அங்கே வயலின் செய்யக் கற்றுத்தர ஒரு பள்ளியே திறந்தார்கள். மலைப்பக்கத்து சின்ன ஊர்தானே அதுவும்?

"வீணை செஞ்சா யாருடா வாங்குவான்?" என்று என் பெஞ்ச் நண்பன் சிரித்தான். அவன் கேட்டதும் நியாயம்தான். கேட்க ஆள் இருந்தால்தானே செய்ய ஆள் வருவான். ஆண்டு விழாவில் நாம எல்லாரும் ஸ்பீக்கர் பாட்டுக்குத்தான் ஆடுகிறோம் (நானும்தான், போன வருஷம் முன் வரிசையில்!). ஒரே ஒரு நிகழ்ச்சியாவது நேரில் வாசிக்கிற இசையாக வைக்கலாம். அப்புறம் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருஷச் சுற்றுலாவுக்குத் தஞ்சாவூர் போகலாம். பெரிய கோயில் பார்த்துட்டு, வீணை செய்கிற பட்டறையிலும் ஒரு மணி நேரம் நிற்கலாம். எங்களில் ஒருத்தனுக்காவது உளி பிடிக்க ஆசை வராதா?

வியாபாரி லாரி ஏற்றும்போது அப்பாவிடம் கெஞ்சி அடிமரத்தில் ஒரு துண்டு மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். வெயில் படாமல் மாட்டுக் கொட்டகை ஓரத்தில் காய்கிறது. தாத்தா தினமும் அதில் உட்கார்ந்துதான் வெற்றிலை போடுகிறார்.

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்