நகல் எடுத்தால் ஆளை நகர்த்தலாமா?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு கிட் (Git) என்ற நிரல் பதிப்பு மேலாண்மைக் கருவியைச் சொல்லிக்கொடுக்கும்போது, முதலில் 'ஹெட்' என்ற ஃபைலைத்தான் திறக்கச் சொல்வேன். உள்ளே ஒரே ஒரு வரி. இப்போது எந்தக் கிளையில் நிற்கிறீர்கள் என்பதை அது சொல்லும். அடுத்து செய்யும் கமிட் அந்தக் கிளையில்தான் போய்ச் சேரும். அந்த வரி நம்மைக் கேட்காமல் மாறிவிட்டால், மாலை வரை பார்த்த வேலை வேறொரு கிளையில் கிடக்கும்.

2017-இல் அப்படி ஒரு நிலைமை வரவிருந்தது. ஒரு கிளையை அதன் அமைப்புகளோடும் வரலாற்றுப் பதிவோடும் நகலெடுக்கும் வசதியை 'கிட் பிராஞ்ச்' கட்டளையில் சேர்த்தார்கள். பெயர் மாற்றும் வசதி ஏற்கெனவே இருந்ததால், அதன் நிரல் மீதே இதையும் கட்டினார்கள். பெயர் மாறும்போது ஹெட்டும் மாறியே ஆக வேண்டும். பழைய பெயர்தான் போய்விட்டதே. நகலெடுக்கும்போது பழைய கிளை அப்படியே இருக்கிறது. இருந்தும், நிற்கிற கிளையையே நகலெடுத்தால் ஹெட் புதுக் கிளைக்குத் தாவிவிட்டது.

கிட்டைப் பராமரிக்கும் ஜூனியோ ஹமானோ இதை ஏற்கவில்லை. அவர் வாதம் எனக்கு மிகவும் பிடித்தது: நான் உட்கார்ந்திருக்கும் நீல நாற்காலிக்கு யாராவது சிவப்புப் பெயின்ட் அடித்தால் நான் சிவப்பு நாற்காலியில் இருப்பேன், அது நியாயம். அந்த நீல நாற்காலியைப் பார்த்து புதிதாக ஒரு சிவப்பு நாற்காலி செய்தால், என்னை எழுப்பி அதில் உட்காரவைப்பது எதற்கு? செப்டம்பரில் திருத்தம் வந்தது. அக்டோபர் இறுதியில் 2.15 பதிப்பு வெளியானபோது ஹெட் இருந்த இடத்திலேயே இருந்தது.

வெளியாவதற்கு முன்பே திருத்தியதைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஒருமுறை வெளியே போய்விட்டால், தவறான நடத்தையை நம்பியும் ஸ்கிரிப்ட் எழுதிவிடுவார்கள். பிறகு அதைத் தொடவே கை நடுங்கும். இந்த வகைப் பிழையில் புரோகிராம் விழாது, பிழைச் செய்தியும் வராது. கேட்ட நகல் கிடைத்ததா என்று மட்டும் பார்க்கிறவர் கண்ணில் இது படவே படாது. கேட்காத எதையாவது தொட்டதா என்றும் பார்க்க வேண்டும். அதனால் கிளைகளைக் கையாளும் கருவி எதுவானாலும், கட்டளைக்கு முன்னும் பின்னும் ஹெட்டை ஒப்பிடும் டெஸ்ட் இல்லாமல் வருகிற மாற்றத்தை நான் மெர்ஜ் செய்வதில்லை.