கண் சிவந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் தீவாகக் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அது வடிந்து சில வாரங்களில் என் வலது கண் சிவந்தது. மருந்துக் கடையில் காட்டினேன். “மெட்ராஸ் ஐதான் அண்ணாச்சி, இத விடுங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்” என்றார் கடைக்காரத் தம்பி. சரியாகத்தான் போனது. மறுபடி சிவந்தது, மறுபடி அதே சொட்டு மருந்து. எட்டு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் இடது கண்ணைப் பொத்திப் பார்த்தால், எதிரே நிற்பவர் முகம் தெரிகிறது; பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை.

திருநெல்வேலியில் கண் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: “காலையில் எழுந்ததும் இடுப்பு விறைப்பாக இருக்குமா?” முப்பது வருஷமாக இருக்கிறது! வயசு, வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய் அது. முதுகெலும்பைத் தாக்குவது கண்ணுக்குள்ளும் அழற்சி உண்டாக்கும். பெயர் யுவைட்டிஸ். மெட்ராஸ் ஐ என்றால் பீளை தள்ளும், உறுத்தும். இதில் பீளை இருக்காது. வலிக்கும், வெளிச்சம் பார்த்தால் கூசும். அழற்சிக் கழிவு கண்ணுக்குள் நீர் வடியும் வழியை அடைக்கும். மடை அடைத்தால் குளத்தில் நீர் ஏறுவதுபோல் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு சாகும். அதுதான் குளுக்கோமா.

இதற்கு மருந்து ஸ்டீராய்டு சொட்டு. ஆனால் அந்த ஸ்டீராய்டே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். அதனால்தான் அழுத்தத்தை அளந்து அளந்து கொடுக்க வேண்டும். நான் வாங்கியதும் ஸ்டீராய்டு கலந்த சொட்டுதான். சீட்டில்லாமல் அதைக் கொடுத்தது குற்றம். கேட்டு வாங்கிய நானும் பாதிக் குற்றவாளி. டாக்டர் எழுதியதை நாமாக நிறுத்துவதும் அதே அளவு ஆபத்து.

“புரைதானே, ஆபரேஷன் செய்தால் தெரியும்” என்பவர்களே, புரையில் போன பார்வை திரும்பும். குளுக்கோமாவில் போனது திரும்பாது.

நம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த டாக்டர் ஜி. வெங்கடசாமி முடக்குவாதத்தில் கோணிய விரல்களோடு அறுவை செய்தார். 1976-ல், 58 வயதில் ஓய்வு பெற்று, மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1988-லேயே அது திருநெல்வேலிக்கும் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற நமக்கு அங்கே ஒரு பஸ் ஏறிப் போகச் சோம்பலா?

மூட்டுவலி டாக்டர்களே, கண்ணைக் கேளுங்கள். மூட்டுவலிக்காரர்களே, அவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். எனக்குச் சொல்ல ஆளில்லை. ஒரு கண்ணின் ஓரப் பார்வையைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.