மோரிஸ் சேவலும் எங்கள் தெருச் சேவலும்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு மனு சுற்றி வந்தது. பொருள்: குடியிருப்புப் பகுதியில் கோழி வளர்ப்பதைத் தடை செய்யக் கோருதல். காரணம் மூன்று: சத்தம், நாற்றம், நோய். பதினொரு கையெழுத்து. முப்பத்து நான்கு வருடம் அரசாங்க அலுவலகத்தில் பிறர் கொடுத்த மனுக்களுக்குக் குறிப்பு எழுதிக் காலம் தள்ளியவன் நான். மனுவைக் கண்டால் கை சும்மா இருக்காது. இதற்கும் ஒரு குறிப்பு எழுதிவிடுகிறேன்.

முதலில் என் சங்கதி. புதுச்சேரியில் பிறந்து, பிரெஞ்சு வழியில் படித்து, அங்கேயே குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவிக்குச் சொந்த ஊர் இலத்தூர். அதனால் இங்கே வந்து சேர்ந்தோம். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் தோட்டம். இரண்டு தென்னை, ஒரு முருங்கை, நாலு வாழை. அதற்குள் ஐந்து பெட்டை, ஒரு சேவல். எல்லாம் சிறுவிடை. ஒரு பெட்டை வருடத்துக்கு அறுபது முட்டை இட்டாலே அதிகம். ஆக, இதில் லாபம் பார்க்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

முதல் குற்றச்சாட்டு, சத்தம்.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: லத்தீனில் சேவலுக்கும் கால் நாட்டவனுக்கும் ஒரே சொல், கல்லுஸ். அதனால்தான் பிரான்சுக்குச் சேவல் சின்னமானது. அந்தச் சேவலையே அந்த நாட்டில் ஒருநாள் கோர்ட்டுக்கு இழுப்பார்கள் என்று அப்போது யார் கண்டது? மேற்குக் கரையில் ஒலெரோன் என்று ஒரு தீவு. அங்கே மோரிஸ் என்றொரு சேவல். பக்கத்தில் விடுமுறை வீடு வைத்திருந்தவர்கள், விடிகாலையில் கூவித் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று வழக்குப் போட்டார்கள். 2019 செப்டம்பரில் ரோஷ்ஃபோர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அதோடு விடாமல், வழக்குப் போட்டவர்கள் சேவல்காரருக்கு ஆயிரம் யூரோ கொடுக்க வேண்டும் என்றது. 2021 ஜனவரியில் பாராளுமன்றம் ஒரு சட்டமே போட்டது. கிராமத்துச் சத்தங்களும் வாசனைகளும் அந்தந்த இடத்தின் பாரம்பரியம் என்று அதில் எழுதி வைத்தார்கள்.

பிரெஞ்சுச் சட்டம் இலத்தூரில் செல்லாது, எனக்கும் தெரியும். நம் சட்டத்தையே பார்ப்போம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. குடியிருப்புப் பகுதியில் அந்த நேரத்துக்கு 45 டெசிபல்தான் வரம்பு. என் சேவல் நாலரைக்கே கூவுகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே தெருவில் ஆடி மாதம் முழுக்க விடியுமுன்னே கூம்பு ஒலிபெருக்கி அலறியதே, கல்யாண வீட்டில் நடுச்சாமம் வரை குத்துப்பாட்டு ஓடியதே, அதற்கெல்லாம் ஒரு கையெழுத்தாவது விழுந்ததா? மனிதன் போடும் சத்தத்தைச் சகித்துக்கொண்டு சேவலிடம் மட்டும் சட்டம் பேசுவது என்ன நியாயம்?

கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் நல்லவிதமாகத்தான் கேட்டார். "முட்டைக்குச் சேவல் தேவையில்லையே சார், அதை மட்டும் யாருக்காவது குடுத்திருங்களேன்." அவர் சொன்னது சரி. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். ஆனால் அந்த முட்டையை அடை வைத்தால் இருபத்தோரு நாள் கழித்து மிஞ்சுவது கூமுட்டை. பிறகு ஒவ்வொரு வருடமும் குஞ்சு வாங்கக் காசோடு அலைய வேண்டும்.

இருட்டில் அடைத்தால் கூவாது என்பார்கள். அதுவும் பாதி உண்மைதான். சேவலுக்கு உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது, வெளிச்சம் தெரியாத அறையிலும் நேரமறிந்து கூவுகிறது என்று ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் 2013-இல் சோதித்துச் சொன்னார்கள். நான் செய்தது இதுதான்: கூட்டைப் பக்கத்து வீட்டுப் படுக்கையறைச் சுவரிலிருந்து தோட்டத்தின் மறுகோடிக்கு மாற்றினேன். ஆறு மணிக்கு முன்னால் திறப்பதில்லை. சத்தம் நிற்கவில்லை, குறைந்திருக்கிறது.

இரண்டாவது, நாற்றம். இதில் தப்பு என் பக்கமும் உண்டு. போன சாரல் சமயம், முழங்கால் வலியென்று ஒரு வாரம் கூட்டைச் சுத்தம் செய்யாமல் விட்டேன். ஆரியங்காவு கணவாய் வழியாக அடிக்கிற ஈரக் காற்றில் தரை காயாமல் எச்சம் ஊறி, எனக்கே மூக்கைப் பொத்தத் தோன்றியது. பக்கத்து வீட்டம்மா சத்தம் போட்டார். மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து தினமும் சாம்பலும் உமியும் தூவி, வாரிவிடுகிறேன். எச்சம் காய்ந்து மக்கிய பிறகு வாழைக்குப் போகிறது. பச்சையாகப் போட்டால் சூட்டில் வேர் கருகிவிடும். நாற்றம் வந்தால் அது வளர்ப்பவனின் சோம்பல். சோம்பேறியைக் கண்டியுங்கள், கோழியை ஏன்?

மிச்சச் சோறு, காய்கறித் தோல் எல்லாம் எங்கள் வீட்டில் குப்பைக்குப் போவதில்லை, கோழிக்குப் போகிறது. பிரான்சில் கொல்மார் நகரப் பகுதி நிர்வாகம் 2015-இல் குப்பையைக் குறைக்கவென்றே, கேட்ட வீடுகளுக்குத் தலா இரண்டு கோழி கொடுத்தது. நாமோ கோழியைத் துரத்திவிட்டு, குப்பை வண்டி வரவில்லை என்று இன்னொரு மனு எழுதுவோம்.

மூன்றாவது, நோய். இந்தப் பயம் நியாயமானது. 2021 ஜனவரியில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வாத்துகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்தபோது நம் புளியரை சோதனைச் சாவடியில் வண்டிகளுக்கு மருந்து அடித்தார்கள். அப்படி ஒரு நிலை இங்கே வந்தால் அதிகாரிகள் சொல்கிறபடி என் கோழிகளையும் ஒப்படைப்பேன். ஆனால் வழக்கமாக நம் கோழிகளைக் கொல்வது வெள்ளைக்கழிச்சல். அதற்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. ஏழாம் நாள் குஞ்சின் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையில் ஊசி. கால்நடைத் துறை பிப்ரவரியில் முகாமும் நடத்துகிறது. மனு போட்டவர்கள் "தடுப்பூசி போடாத கோழிக்குத் தடை" என்று கேட்டிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் எனக்காக எழுதவில்லை. நாளைக்கே கோழி கூடாது என்றால் எனக்குப் பொழுதுபோக்குதான் போகும். பென்ஷன் வந்துவிடும். எதிர் வரிசையில் கணவனை இழந்த ஒரு பெண் இருக்கிறாள். பத்துப் பன்னிரண்டு கோழி வளர்க்கிறாள். முட்டை பதினைந்து ரூபாய். மகனுக்கு நோட்டு வாங்குவது அதில்தான், மாமியாருக்கு மாத்திரை வாங்குவதும் அதில்தான். மனுவைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "அண்ணாச்சி, நெசமாவே நிப்பாட்டிருவாங்களா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், கையெழுத்துப் போட்ட பதினொரு பேரில் நாலு பேர் பிள்ளைகளுக்கு நாட்டுமுட்டை வாங்குவதே அவளிடம்தான்.

முட்டை வேண்டும், கோழி கண்ணில் படக்கூடாது என்றால் அந்தக் கோழி வேறெங்கோ கூண்டில் நிற்க வேண்டும். பெரிய பண்ணைகளில் முட்டைக்கோழிகள் பெரும்பாலும் கம்பிக் கூண்டில்தான் நிற்கின்றன. 2023-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளே ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம்தான் கேட்கின்றன. இந்த மனு எழுதியிருக்கிற ஏ4 தாள் 620-க்கும் மேல். அதாவது, உங்கள் மனுத் தாளில்கூட ஒரு கோழி கொஞ்சம் தாராளமாக நிற்கலாம்.

ஆகவே என் குறிப்பு: தடை வேண்டாம், நிபந்தனை போதும். வீட்டுக்கு இத்தனை கோழி என்று கணக்கு, அண்டை வீட்டுச் சுவரிலிருந்து தள்ளிக் கூடு, காலை ஆறு வரை அடைப்பு, தினசரிச் சுத்தம், வருடா வருடம் தடுப்பூசி. இந்த ஐந்தையும் மீறுகிறவர் நானாக இருந்தாலும் நடவடிக்கை எடுக்கட்டும்.

திங்கட்கிழமை இதைச் சுத்தப் பிரதி எடுத்து, அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுக்கப் போகிறேன். கீழே கையெழுத்துக்குப் பன்னிரண்டு வரி விட்டிருக்கிறேன். ஒன்று எனக்கு. மீதி பதினொன்று யாருக்கென்று உங்களுக்கே தெரியும்.